கைகளின் நரம்புப் பரிசோதனை: தளராத தசை சொல்லும் செய்தி

மருத்துவக் கல்லூரியில் கைகளின் நரம்புப் பரிசோதனையைக் கற்கும் மாணவர், பார்வை, தசை இறுக்கம், வலு, அனிச்சை, ஒருங்கிணைப்பு, உணர்ச்சி என்று ஒரு வரிசையை மனப்பாடம் செய்து, தேர்வாளர் முன் சில நிமிடங்களில் அதைத் தடையின்றிச் செய்து காட்டிவிடுகிறார். அந்த வரிசையில் பிழையில்லை. எதையும் விட்டுவிடாமல் பார்ப்பதற்கு அது வேண்டும். ஆயினும் "எந்தெந்தத் தசை தளர்ந்திருக்கிறது?" என்று கேட்டால் பட்டியலை ஒப்பிக்கும் அதே மாணவர், "நோய் எங்கே இருக்கிறது?" என்ற அடுத்த கேள்விக்குத் திகைத்து நிற்பதை வார்டில் அடிக்கடி காண்கிறேன். என் அனுபவத்தில், அந்த இரண்டாம் கேள்விக்கு விடை தருவது பெரும்பாலும் தளர்ந்த தசையைவிட, தளர்ந்திருக்க வேண்டிய இடத்தில் தளராமல் நிற்கும் தசையே. இதை மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருந்தாலும், முழுமையாக ஒருமுறை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

மூளையின் மேற்பரப்பில் தொடங்கி, தண்டுவடத்தின் கழுத்துப் பகுதி, அங்கிருந்து புறப்படும் நரம்புவேர்கள், அக்குளுக்கு மேலே அவை பின்னிக்கொள்ளும் பின்னல், அதிலிருந்து பிரியும் தனி நரம்புகள், நரம்பு தசையைத் தொடும் சந்திப்பு, இறுதியில் தசை என்று கைக்குச் செல்லும் கட்டளை கடக்கும் நிலைகள் பல. ஐந்தாம் கழுத்து வேரிலிருந்து முதல் மார்பு வேர் வரையிலான ஐந்து வேர்கள் கையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு தசைக்கு ஒரு நரம்பு உண்டு; ஆனால் அந்த நரம்புக்குள் இரண்டு மூன்று வேர்களின் இழைகள் கலந்து ஓடுகின்றன. ஒரே வேரைப் பகிர்ந்துகொண்டு வெவ்வேறு நரம்புகளால் இயங்கும் இரு தசைகளையும், ஒரே நரம்பைப் பகிர்ந்துகொண்டு வெவ்வேறு வேர்களால் இயங்கும் இரு தசைகளையும் தேர்ந்தெடுத்து ஒப்பிடுவதே இந்தப் பரிசோதனையின் சாரம்.

தொடுவதற்கு முன் பார்க்க வேண்டும். சட்டையைக் கழற்றாமல், கையை மட்டும் சுருட்டிவிட்டு, அவசரத்தில் பரிசோதிக்கும் வழக்கம் நம் நெரிசலான புறநோயாளர் பிரிவுகளில் ஊறிப்போயிருக்கிறது. தோள்பட்டைத் தசைகளின் மெலிவும், தோலடியில் தசை இழைகள் தாமாகத் துடிப்பதும், முதுகுப்பக்கத்துத் தழும்பும் துணிக்கு அடியில் மறைந்துபோகும். பெண் நோயாளியானால் திரையும், துணைக்குப் பெண் செவிலியரும், தோள்வரை மட்டும் விலக்கும் போர்வையும் ஏற்பாடு செய்ய வேண்டுமே தவிர, பார்க்காமல் விடுவதற்கு அது காரணமாகாது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே புறங்கையில் உள்ள சதை குழிந்திருக்கிறதா, உள்ளங்கையில் கட்டைவிரல் மேடு தட்டையாகியிருக்கிறதா, விரல்களில் நோயாளிக்கே தெரியாமல் ஏற்பட்ட சூட்டுத் தழும்புகள் உண்டா என்று பார்த்த பிறகே கையைப் பிடிக்கலாம். வலியில்லாமல் ஆறிய சூட்டுத் தழும்பு, தொழுநோயாக இருக்கலாம். தண்டுவடத்தின் நடுவே நீர்க்குழி உருவாகும் சிரிங்கோமைலியாவாகவும் இருக்கலாம்.

பிறகு, உள்ளங்கை வானத்தைப் பார்க்கும்படி இரு கைகளையும் முன்னே நீட்டி, கண்களை மூடிக்கொள்ளச் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்த முதல் நாளில் தசை இறுகியிருக்காது, அனிச்சைகள் கூடியிருக்காது, வலுவும் ஏறக்குறைய சரியாகவே தோன்றலாம். அந்த வேளையிலும் பாதிக்கப்பட்ட கை மெல்ல உள்நோக்கித் திரும்பிக் கீழே சரியும். சரிவுக்கு முன் வரும் அந்தத் திரும்பலே முக்கியம்: திரும்பாமல் வெறுமனே கீழே விழும் கை, வலியாலோ சோர்வாலோ பொதுவான தளர்ச்சியாலோ விழலாம். கண்ணை மூடியதும் கை தானாக மேலெழுந்து அலைந்தால் எதிர்ப்பக்கத்து மூளையின் பக்கமடலை (பரைட்டல் மடலை) நினைக்க வேண்டும். விரல்கள் பியானோ வாசிப்பவரின் விரல்களைப்போல் தனித்தனியே அசைந்தால், மூட்டு நிலையை உணரும் திறன் போயிருக்கிறது என்று பொருள். என்னிடம் ஒரு நிமிடமே இருந்தால், இந்த ஒரு சோதனையைத்தான் செய்வேன்.

தசை இறுக்கத்தைப் பார்க்க, நோயாளியின் கவனத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டு, முழங்கையையும் மணிக்கட்டையும் வேகத்தை மாற்றி மாற்றி அசைக்க வேண்டும். வேகமாக அசைக்கும்போது மட்டும் தடுத்து, பிறகு சட்டென்று விட்டுக்கொடுக்கும் இறுக்கம் மூளையிலோ தண்டுவடத்திலோ உள்ள பாதிப்பைச் சொல்லும். எந்த வேகத்திலும் சீராகத் தடுக்கும் இறுக்கம் பார்க்கின்சன் நோயைச் சொல்லும். தொடக்கநிலைப் பார்க்கின்சனில் இந்த இறுக்கம் ஒளிந்திருக்கும் என்பதால், மற்றொரு கையின் விரல்களை விரித்து மூடச் சொல்லிக்கொண்டே இந்தக் கையை அசைத்துப் பார்ப்பது பயன் தரும்.

வலுவைச் சோதிப்பதில்தான் அதிகம் நிதானம் தேவை. 0 முதல் 5 வரையிலான அளவுகோல், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1943-இல், நரம்புக் காயங்களை மதிப்பிடுவதற்காகப் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட கையேட்டில் வந்தது. அசைவே இல்லையெனில் 0, தசை துடிப்பது தெரிந்தால் 1, புவியீர்ப்பை விலக்கினால் அசையும் என்றால் 2, புவியீர்ப்பை எதிர்த்து அசைந்தால் 3, நாம் தரும் தடையையும் ஓரளவு எதிர்த்தால் 4, இயல்பானது 5. நாம் புறநோயாளர் பிரிவில் காணும் தளர்ச்சியில் பெரும்பகுதி 4 என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுவதுதான் இந்த அளவுகோலின் குறை. ஆகவே எண்ணை மட்டும் எழுதுவதோடு நில்லாமல், மறுகையோடு ஒப்பிட்டு எழுதும்படி மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சோதிக்கும் முறையிலும் நியாயம் வேண்டும். பெரிய தசையைப் பெரிய தசையாலும், சிறிய தசையை அதே சிறிய தசையாலும் எதிர்க்க வேண்டும். நோயாளியின் சுட்டுவிரலை என் சுட்டுவிரலால் தள்ளினால் ஒப்பீடு சரியாக இருக்கும். முழங்கையை ஊன்றி மொத்தக் கையாலும் தள்ளினால், திடகாத்திரமான இளைஞரின் விரலும் தோற்றுப்போகும். "கையை இப்படியே வச்சுக்குங்க ஐயா, நான் அமுக்குவேன், விட்டுக்கொடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, மெல்லத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். "வலிக்குதா?" என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும், தோள்மூட்டு இறுகிய சர்க்கரை நோயாளியின் கை வலியால் தாழ்வதை நரம்புத் தளர்ச்சி என்று எழுதிவிடுவது எளிதில் நேரக்கூடிய தவறு.

இப்போது தொங்கிய மணிக்கட்டுக்கு வருகிறேன். இந்தப் பரிசோதனையின் முழுத் தர்க்கமும் அதில் அடங்கியிருப்பதாலேயே எனக்கு அதன்மேல் தனிப் பற்று உண்டு. காலையில் எழுந்தபோது கை மணிக்கட்டிலிருந்து தொங்குகிறது, தூக்க முடியவில்லை என்று ஒருவர் வருகிறார். உறவினர்கள் பக்கவாதம் என்று அஞ்சியிருப்பார்கள். சில வேளைகளில் அந்த அச்சம் நியாயமானதே; மூளையில் கையை ஆளும் சிறு பகுதியில் மட்டும் இரத்தம் தடைபட்டால், முகமும் காலும் தப்பி, கை மட்டும் இப்படித் தொங்கலாம். நோயாளியை விரல்களை மடக்கி இறுக்கமாக முட்டி பிடிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். மூளை சார்ந்த பாதிப்பானால், முட்டி பிடிக்கும்போது மணிக்கட்டு தானாகச் சற்று மேலே எழும். மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் தசைகளுக்குச் செல்லும் ரேடியல் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால், மணிக்கட்டு இன்னும் கீழே மடங்கும்.

மூளை இல்லையென்றால், அடுத்து, மேற்கையின் பின்புறத்தில் முழங்கையை நீட்டும் ட்ரைசெப்ஸ் தசையைக் கேட்க வேண்டும். ரேடியல் நரம்பு, மேற்கை எலும்பின் பின்புறமாகச் சுற்றிவரும் பள்ளத்தை அடைவதற்கு முன்பே ட்ரைசெப்ஸுக்கான கிளைகளில் பெரும்பாலானவற்றைக் கொடுத்துவிடுகிறது. கையைத் தலைக்கடியில் வைத்தோ நாற்காலியின் முதுகில் தொங்கவிட்டோ ஆழ்ந்து உறங்கியவருக்கும், மேற்கை எலும்பு முறிந்தவருக்கும், மேற்கையில் தவறான இடத்தில் ஊசி போடப்பட்டவருக்கும் நரம்பு அந்தப் பள்ளத்தருகே பாதிக்கப்படுவதால், ட்ரைசெப்ஸின் வலுவும் அதன் அனிச்சையும் அப்படியே இருக்கும். முன்கையின் கட்டைவிரல் பக்கமாக ஓடும் பிரேக்கியோரேடியாலிஸ் தசையோ தளர்ந்திருக்கும். கட்டைவிரல் மேலே இருக்கும்படி முன்கையைப் பாதி திருப்பி, முழங்கையை மடக்கச் சொல்லித் தடுத்தால், இயல்பான கையில் தடித்த கயிறாக எழும் அந்தத் தசை இங்கே எழாது. ஊன்றுகோல் அக்குளில் அழுத்தியதால் வந்த பாதிப்பானால் ட்ரைசெப்ஸும் சேர்ந்து தளரும்.

ஏழாம் கழுத்து வேர் நசுங்கியிருந்தால் எல்லாம் தலைகீழாகும். ட்ரைசெப்ஸ் தளரும், அதன் அனிச்சை மறையும். ஆனால் ஐந்தாம், ஆறாம் வேர்களை நம்பியிருக்கும் பிரேக்கியோரேடியாலிஸ் உறுதியாக நிற்கும். அதோடு, மணிக்கட்டைக் கீழ்நோக்கி மடக்கும் தசையும் தளரும். அந்தத் தசைக்கு ரேடியல் நரம்போடு தொடர்பே இல்லை; முன்கையின் நடுவே ஓடும் மீடியன் நரம்பு வழியாக அதே வேரிலிருந்து இழைகளைப் பெறுகிறது. மரத்துப்போவதும் நடுவிரலில் இருக்கும். ரேடியல் நரம்பிலோ, புறங்கையில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட ஒரு சிறு பகுதி மட்டுமே மரக்கும்.

விரல்கள் மட்டும் தொங்க, மணிக்கட்டு எழுந்து கட்டைவிரல் பக்கமாகச் சாய்ந்தால், பாதிப்பு முழங்கைக்குக் கீழே ரேடியல் நரம்பின் ஆழ்ந்த கிளையில் இருக்கிறது. அங்கே தோலுணர்ச்சிக் குறை இராது. இரு மணிக்கட்டுகளும் தொங்கினால் அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் பிரிக்கும் தொழிலாளிக்கு ஈய நச்சால் இது வரக்கூடும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மணிக்கட்டு தொங்கிய நிலையில் விரல்களை விரிக்கச் சொன்னாலோ பிடிக்கச் சொன்னாலோ, அல்நார் (முழங்கையின் உட்புறம் வழியே சுண்டுவிரல் பக்கம் செல்வது), மீடியன் நரம்புகளின் தசைகளும் தளர்ந்திருப்பதாக ஒரு பொய்த்தோற்றம் உண்டாகும். கையை மேசைமேல் தட்டையாக வைத்தோ மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தோ சோதித்தால் அந்த வலு திரும்பிவிடும். இதைச் செய்யாமல் மூன்று நரம்புகளும் பாதிக்கப்பட்டதாக எழுதப்பட்ட சீட்டுகளோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது மெலிந்த கை. சுட்டுவிரலைப் பக்கவாட்டில் விரிக்க முடியவில்லை, கட்டைவிரல் இடுக்கில் குழி விழுந்திருக்கிறது என்றால், அல்நார் நரம்பா, முதல் மார்பு வேரா என்ற கேள்வி எழுகிறது. இதைத் தீர்ப்பது கட்டைவிரலை உள்ளங்கைக்குச் செங்குத்தாக மேலே தூக்கும் தசை. அதுவும் முதல் மார்பு வேரைச் சார்ந்ததுதான். ஆனால் அதற்குக் கட்டளை மீடியன் நரம்பு வழியே வருகிறது. அது உறுதியாக நின்றால் அல்நார் நரம்பு. அதுவும் தளர்ந்திருந்தால் வேர், பின்னல், தண்டுவடம் என்று மேலே தேட வேண்டும். அப்போது அதே பக்கத்து இமை சற்றுச் சரிந்து கண்மணி சுருங்கியிருக்கிறதா என்று பார்க்கத் தவறக்கூடாது. நுரையீரல் உச்சியில் வளரும் புற்றுநோய் இப்படி ஒரு மெலிந்த கையாக வந்து நிற்கும். உணர்ச்சியிலும் ஒரு பிரிகோடு உண்டு: அல்நார் நரம்பில் மோதிரவிரலின் சுண்டுவிரல் பக்கப் பாதி மட்டும் மரக்கும், மறுபாதி தெளிவாக இருக்கும், உணர்ச்சிக்குறை மணிக்கட்டைத் தாண்டி முன்கைக்கு ஏறாது.

நம் நாட்டில் அல்நார் நரம்பை விரலால் தடவிப் பார்க்காத பரிசோதனையை நான் முழுமையானதாக ஏற்பதில்லை. முழங்கையைச் சற்று மடக்கி, உட்புற எலும்பு முனைக்குப் பின்னாலும் அதற்குச் சற்று மேலும் நரம்பை விரல்களுக்கு அடியில் உருட்டி, அதன் தடிமனை மறுகையோடு ஒப்பிட வேண்டும். கண்கள் நோயாளியின் முகத்தின்மேல் இருக்க வேண்டும், வலி அங்கேதான் முதலில் தெரியும். தடித்த நரம்பும், மரத்துப்போன வெளிறிய திட்டும் சேர்ந்தால் தொழுநோய். அதன் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்புவதால் உணர்ச்சிக்குறை எந்த ஒரு நரம்பின் எல்லையிலும் அடங்காமல் திட்டுத்திட்டாக இருக்கும். தசைநார் அனிச்சைகள் பெரும்பாலும் கெடுவதில்லை. 2005-ஆம் ஆண்டின் இறுதியில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை நாடு எட்டியதைத் தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று பலரும் புரிந்துகொண்டார்கள். உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்றும் இந்தியர்களே. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், மடங்கிப்போன விரல்களைத் தசைநார் மாற்று அறுவையால் நிமிர்த்தியதோடு, விரல்கள் குறைந்துபோவதற்குக் காரணம் உணர்ச்சியற்ற கைக்குத் தினமும் நேரும் காயங்களே என்பதையும் எடுத்துக்காட்டினார். நரம்பு செயலிழக்கும் முன் நோயைக் கண்டுபிடித்து மருந்து தொடங்கிவிட்டால் அந்த நிலையே வராது. அதற்கு ஆகும் செலவு முழங்கையில் சில நொடிகள்.

மெலிந்த கையோடு வருபவர் இருபது வயதையொட்டிய இளைஞராக இருந்தால் வேறிரண்டு நோய்களையும் நினைக்கிறேன். ஜப்பானில் 1959-இல் ஹிரயாமா விவரித்த நோயில், கழுத்தை முன்னே குனியும்போது தண்டுவடத்தின் கீழ்க்கழுத்துப் பகுதி அழுத்தப்பட்டு, ஒரு கையும் முன்கையும் மெலிகின்றன. அந்த மெலிந்த முன்கையிலும் பிரேக்கியோரேடியாலிஸ் மட்டும் தப்பி நிற்கும். தளராத தசை வாய்திறந்து பேசும் இடம் இதைப்போல் வேறில்லை. குளிரில் விரல்கள் மேலும் விறைத்துப்போகிறதா என்று கேட்டால் ஆம் என்பார்கள். கழுத்தைக் குனிந்த நிலையிலும் எம்.ஆர்.ஐ. எடுக்கும்படி எழுத வேண்டும். நிமிர்ந்த படத்தில் மட்டும் தேடினால் நோய் தப்பிவிடக்கூடும். மற்றொன்று சென்னையின் பெயரையே தாங்கியது: 1970-இல் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் விவரித்த மெட்ராஸ் வகை இயக்க நரம்பணு நோய். இதில் இளவயதிலேயே கைகால்கள் மெலிவதோடு முகத்தசைகள் தளர்ந்து, காதும் கேளாமல் போகிறது. ஆகையால் கையை ஆராயும்போதே, காது சரியாகக் கேட்கிறதா என்றும் கேட்டுவிடுவது நல்லது.

அனிச்சைகளுக்கு நீளமான பிடியுள்ள சுத்தியல் வேண்டும். அதை மணிக்கட்டிலிருந்து அதன் எடையிலேயே விழவிட வேண்டும். கைகள் மடியில் தளர்ந்து கிடக்கட்டும். முழங்கையை மடக்கும் பைசெப்ஸின் தசைநாரின்மேல் நம் கட்டைவிரலை வைத்து விரலின்மேல் தட்டினால், கண்ணுக்குத் தெரியாத துடிப்பையும் விரல் உணரும். பைசெப்ஸ் ஐந்தாம், ஆறாம் வேர்களையும், ட்ரைசெப்ஸ் முக்கியமாக ஏழாம் வேரையும் சோதிக்கிறது. எதுவும் எழவில்லையெனில், தட்டும் கணத்துக்குச் சற்று முன் "பல்லை இறுக்கிக் கடிங்க அம்மா" என்று சொல்லித் தட்ட வேண்டும். அந்த உதவி சில நொடிகளே நீடிக்கும். மணிக்கட்டுக்குச் சற்று மேலே முன்கையின் ஓரத்தில் தட்டும்போது முழங்கை மடங்காமல் விரல்கள் மட்டும் மடங்கினால், ஐந்தாம், ஆறாம் வேர்கள் புறப்படும் மட்டத்தில் தண்டுவடம் நசுங்கியிருக்கிறது. அந்த மட்டத்து அனிச்சை அறுந்து, அதற்குக் கீழேயுள்ளவை கட்டுப்பாடிழந்ததால் இப்படி நிகழ்கிறது. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன்பே கழுத்தில் இடத்தைக் குறித்துத் தரும் இந்த அறிகுறியை 1910-இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி விவரித்தார்.

கழுத்தெலும்புத் தேய்மானத்தால் தண்டுவடம் இப்படி நசுங்கும்போது, "சட்டைப் பொத்தான் போட முடியலை, சோறு பிசைய வரலை" என்ற குறைகளே முதலில் வரும். பத்து வினாடிகளில் எத்தனை முறை விரல்களை முழுதாக மூடித் திறக்க முடிகிறது என்று எண்ணுங்கள். இருபதுக்குக் குறைந்தால் தண்டுவடத்தைச் சந்தேகிக்கலாம். மூக்கையும் என் விரலையும் மாறி மாறித் தொடச் சொல்லும் சோதனை சிறுமூளைக்கானது. தளர்ந்த கை எப்படியும் தடுமாறும் என்பதால், வலுவைப் பார்த்த பிறகே அதற்குப் பொருள் சொல்ல முடியும்.

உணர்ச்சியைக் கடைசிக்கு வைப்பதற்குக் காரணம், அது நோயாளியின் சொல்லை முழுவதும் சார்ந்தது, அவரும் நாமும் களைத்துப்போனால் நம்பகம் கெட்டுவிடும் என்பதே. எங்கே மரத்திருக்கிறது என்று அவரையே ஒரு விரலால் கோடு போட்டுக் காட்டச் சொல்லிவிட்டு, மரத்த இடத்தின் நடுவிலிருந்து வெளியே நகர்ந்து எல்லையைக் கண்டறிய வேண்டும். ஊசி மழுங்கியதாக இருக்கட்டும்; ஒருவருக்குப் பயன்படுத்தியதை மற்றவருக்குப் பயன்படுத்தக்கூடாது. கட்டைவிரல் ஆறாம் வேர், நடுவிரல் ஏழாம் வேர், சுண்டுவிரல் எட்டாம் வேர் என்ற மூன்றையும் நினைவில் வைத்தால் கையளவில் போதும். அதிர்வுக்கு 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை. மூட்டு நிலைக்கு விரலின் இருபக்கமும் பிடித்து அசைக்க வேண்டும், மேலும் கீழும் பிடித்தால் அழுத்தமே விடையைச் சொல்லிவிடும். இவையெல்லாம் சரியாக இருந்தும், கண்ணை மூடிக்கொண்டு கையிலுள்ள சாவியையோ ஒரு ரூபாய் நாணயத்தையோ இன்னதென்று சொல்ல முடியாவிட்டால், பாதிப்பு மூளையின் பக்கமடலில் இருக்கிறது.

முடிவில் எழுதும் குறிப்பில், "வலது கை வலு 3/5" என்று ஒரே வரியாக எழுதாமல், தசைதோறும் எண்ணை எழுதுங்கள். ரேடியல் நரம்பு பள்ளத்தருகே பாதிக்கப்பட்டு இழைகள் அறுந்திருந்தால், அவை நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளர்ந்து தசைகளை வரிசையாகச் சென்றடைகின்றன. எல்லாவற்றுக்கும் முன்பாகப் பிரேக்கியோரேடியாலிஸும், பிறகு மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளும், விரல்களை நிமிர்த்துபவை வெகு தாமதமாகவும் உயிர்பெறும். மூன்றாம் மாதத்தில் வரும் நோயாளி, மணிக்கட்டு இன்னும் தொங்குகிறதே என்று மனமுடைந்திருப்பார். பிரேக்கியோரேடியாலிஸ் 0-இலிருந்து 2-க்கு வந்திருப்பது பழைய குறிப்பிலிருந்து தெரிந்தால், மணிக்கட்டுக்கான தாங்கியை விடாமல் அணியச் சொல்லிக் காத்திருக்கலாம். அப்போதும் 0-ஆகவே இருந்தால் நரம்பு மின்சோதனையும் கை அறுவை நிபுணரின் கருத்தும் உடனே தேவை. முதல் நாளில் அந்த ஒரு தசையின் எண்ணை யாராவது எழுதிவைத்திருந்தால்தான் இந்த இரண்டில் எது என்று சொல்ல முடியும்.